தலையாட்டி பொம்மையும் தபால் பெட்டியும்: சென்னையிலிருந்து அனுப்பத் தகுந்த கைவினைப் பரிசுகள், ஒரு மதிப்பீடு

சென்னையில் கைவினைப் பரிசு வாங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. அண்ணா சாலையில் இருக்கும் பூம்புகார் என்ற அரசுக் கைவினைக் கடைக்குள் ஒரு சுற்று வந்தால் சுவாமிமலைச் சிலை, தஞ்சாவூர் ஓவியம், நாச்சியார்கோயில் விளக்கு, பத்தமடைப் பாய் என்று தமிழ்நாட்டின் பாதி ஊர்கள் கண்ணில் பட்டுவிடும். வாங்குவது எளிது. அதை டெல்லியில் இருக்கும் அத்தைக்கோ, டொரண்டோவில் இருக்கும் தம்பி குடும்பத்துக்கோ தபாலில் அனுப்பி, பெட்டியைத் திறந்தவுடன் அவர்கள் முகம் மலரவேண்டும் என்றால் கணக்கே வேறு. கடை அலமாரியில் கம்பீரமாக நிற்கிற பொருளெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாகப் படுத்து வந்துவிடாது.

அதனால் இந்த மதிப்பீட்டில் விலையும் அழகும் இரண்டாம்பட்சம். முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள். வழியில் தாங்குமா? அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டாமல் இருக்குமா? திறந்தவர் கையில் எடுத்து ஏதாவது செய்துபார்க்க அதில் இடம் இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியைப் பலரும் யோசிப்பதில்லை. நேரில் பரிசு கொடுக்கும்போது பக்கத்தில் நின்று ‘இது இந்த ஊர் வேலை, இப்படிச் செய்வார்கள்’ என்று நாமே சொல்லிவிடுகிறோம். தபாலில் போகும் பரிசு தன்னந்தனியாகப் போய் நிற்கிறது. தன்னைப் பற்றி அதுவேதான் பேசியாக வேண்டும்.

அந்த வகையில் என் முதல் தேர்வு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. வழியில் உடையும் வாய்ப்பும் அதற்குத்தான் அதிகம். அதனால் அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது.

பொம்மையைத் தேர்ந்தெடுப்பது

கடையில் தஞ்சாவூர் பொம்மை என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, ராஜா ராணி என்று ஜோடியாக விற்கும் உருண்டை அடி பொம்மை. அடிப்பகுதி அரைக்கோளமாகவும் கனமாகவும் இருக்கும், மேல்பகுதி லேசாக இருக்கும். ஈர்ப்பு மையம் அடியிலேயே தங்குவதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஆடி ஆடி நிமிர்ந்துவிடும். இன்னொன்று நடனமாடும் பொம்மை. கால்களோடு கூடிய பீடம், பாவாடை, கைகளோடு கூடிய உடல், தலை என நான்கு துண்டு. ஒன்றின்மேல் ஒன்று கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும். மெல்லத் தட்டினால் இடுப்பும் கழுத்தும் தனித்தனியாக அசையும். இரண்டுக்கும் சேர்த்து 2008-09 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

தபாலுக்கு நடனப் பொம்மைதான் என் சிபாரிசு. உருண்டை பொம்மை ஒரே துண்டு, அடியில் கனம். பெட்டி விழும்போது அந்தக் கனமே அதற்கு எதிரியாகிறது. கனமான அடியும் லேசான உடலும் சேருமிடத்தில் விரிசல் விடும். நடனப் பொம்மையைக் கழற்றி நான்காகப் பிரித்துவிடலாம். துண்டு ஒவ்வொன்றும் லேசானது என்பதால் விழுந்தாலும் அதிர்ச்சி குறைவு. அதோடு, வந்து சேர்ந்த இடத்தில் அதைப் பெற்றவரே ஒவ்வொரு துண்டாக மாட்டி நிற்கவைக்க வேண்டும். தலையை வைத்த நொடியில் மொத்தப் பொம்மையும் உயிர் வந்ததுபோல் அசைகிறது பாருங்கள், அதற்கு இணையான சுகம் வேறு எந்தத் தபால் பரிசிலும் இல்லை. பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அந்தப் பரிசு முழுமையாகிறது.

இந்தப் பொம்மைக்கான கூழ் காகிதம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், மரவள்ளிக் கிழங்கு மாவு இவற்றால் ஆனது. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அதை அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, தேய்த்து, வண்ணம் பூசுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் எங்கே பழுதாகும் என்பதும் தானாகப் புரியும். காகிதமும் மாவும் ஈரத்தை இழுக்கும். பிளாஸ்டர் அடிபட்டால் நொறுங்கும். அச்சின் இரண்டு பாதிகள் சேருமிடத்தில் தையல் மாதிரி ஒரு கோடு ஓடும். விரிசல் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

கடையில் வாங்கும்போது அவசரப்படாமல் இவற்றைப் பாருங்கள். தலையை ஒரு விரலால் மெல்லத் தட்டுங்கள். அது தடையில்லாமல் பல தடவை ஆடி, மெல்லத் தணிந்து நிற்க வேண்டும். இரண்டே ஆட்டத்தில் நின்றுவிட்டால் கழுத்துத் துளையின் ஓரம் கம்பியில் உரசுகிறது என்று அர்த்தம். ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் உள்ளே இருக்கும் எடை நடுவில் இல்லை. பிறகு தலையை நேராக மேலே தூக்கி எடுத்து, கம்பி முனை வளைந்திருக்கிறதா, துளையைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கைகளின் முழங்கை மடிப்பைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். விரிசல் இருக்கும் கை வழியில் உடையாமல் போவது அபூர்வம். இப்போது பிளாஸ்டிக்கிலும் அதே உருவத்தில் பொம்மைகள் கிடைக்கின்றன. பாவாடையின் உள்பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். காகிதக்கூழ் பொம்மையில் உள்ளே சொரசொரப்பாகவும் நிறம் பூசாமலும் இருக்கும். பிளாஸ்டிக் உள்ளேயும் வழவழவென்று பளபளக்கும்.

இரண்டு பொம்மைக்கு ஒரே மாதிரி முகம் இருக்காது. கண்ணும் புருவமும் கையால் எழுதியவை. கடையில் ஐந்தாறு பொம்மைகளை வரிசையாக நிற்கவைத்து, முகம் பார்த்து எடுங்கள். இதற்குச் செலவிடும் நேரம் வீண்போகாது.

கட்டும் முறை

இதற்கு வேண்டிய பொருட்கள்: மூன்று பிளை (அட்டை அடுக்கு) சிறிய அட்டைப்பெட்டி ஒன்று, ஐந்து பிளை பெரிய பெட்டி ஒன்று, பட்டர் பேப்பர், பபிள் ரேப், இரண்டு அங்குல பிரவுன் டேப், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், கொஞ்சம் தெர்மாகோல். பட்டர் பேப்பரும் திசு காகிதமும் மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போங்கள், அது காகிதத்துக்கென்றே இருக்கும் தெரு. ஒரே ஒரு பார்சலுக்கு என்றால் அக்கம்பக்கத்து ஸ்டேஷனரிக் கடையே போதும்.

மேலிருந்து கீழாகக் கழற்றுங்கள். தலை, உடல், பாவாடை, கடைசியில் பீடம். பக்கவாட்டில் இழுத்தால் துளை பெரிதாகி, பிறகு ஆட்டமே கெட்டுவிடும். ஒவ்வொரு துண்டையும் முதலில் பட்டர் பேப்பரில் சுற்ற வேண்டும். நேராக பபிள் ரேப்பில் சுற்றக்கூடாது. மே மாத வெயிலில் வேனுக்குள் கிடக்கும் பார்சலில் வண்ணப்பூச்சு இளகி, குமிழிகளின் வட்ட வட்டத் தடம் முகத்தில் பதிந்துவிடும். பட்டர் பேப்பருக்கு மேல் பபிள் ரேப், அதுவும் குமிழி வெளிப்பக்கம் பார்த்தபடி. செய்தித்தாளை முதல் சுற்றுக்குப் பயன்படுத்தவே வேண்டாம், மை வெள்ளைப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

பாவாடை உள்ளே வெற்றிடம். அதைக் கசக்கிய காகிதத்தால் நிரப்பினால் வெளியிலிருந்து அழுத்தம் வந்தாலும் குழியாது. உடம்புக்கும் கைக்கும் இடையில் இருக்கும் இடுக்கிலும் மெல்லிய காகிதத்தைத் திணிக்க வேண்டும். கை உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அடி அல்ல, அழுத்தம். மேலே இன்னொரு பார்சல் ஏறும்போது கை உடம்பை நோக்கி மடங்கி, முழங்கையில் பட்டென்று போய்விடுகிறது. இடுக்கு நிரம்பியிருந்தால் மடங்க இடமில்லை. கம்பி முனைகளில் சிறு தெர்மாகோல் துண்டைக் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டின் கம்பி இன்னொரு துண்டின் முகத்தைக் கீறும்.

நான்கு பொட்டலத்தின் மேலும் 1, 2, 3, 4 என்று எண் ஒட்டுங்கள். பீடம் 1, தலை 4. எண் பொட்டலத்தின்மேல்தான், பொம்மையின்மேல் இல்லை. ஸ்டிக்கரை உரித்தால் வண்ணமும் கூடவே வரும். மாட்டும் வரிசையை நான்கு வரியில் எழுதி மேலே வையுங்கள். பெட்டியைத் திறந்தவர் இது உடைந்து வந்துவிட்டது என்று நினைத்து ஃபெவிக்கால் போட்டு ஒட்டிவிடக் கூடாதல்லவா? அப்படி ஒட்டப்பட்ட பொம்மைகள் உண்டு.

சிறிய பெட்டிக்குள் அட்டைத் தடுப்பு வைத்து நான்கையும் தனித்தனி அறையில் வையுங்கள். கனமான பீடம் அடியில், தலை மேலே. ஈரம் புகாமலிருக்க ஒரு பாலித்தீன் உறைக்குள் மொத்தத்தையும் போட்டு, சிலிக்கா ஜெல்லைச் சேர்த்து மூடலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய பொம்மையை அன்றைக்கே உறையில் அடைக்காதீர்கள். உள்ளிருக்கும் ஈரமும் சேர்ந்து அடைபட்டால் பூசணம் பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் வைத்து, பிறகு கட்டுங்கள்.

சிறிய பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைக்கும்போது ஆறு பக்கமும் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் கசக்கிய காகிதத்தால் இறுக்கமாக நிரப்புங்கள். காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. வந்தால் இன்னும் நிரப்பவேண்டும். டேப்பை நடுக்கோட்டில் மட்டும் ஓட்டாமல் இரண்டு ஓரங்களிலும் ஆங்கில எச் எழுத்து மாதிரி ஒட்டுங்கள். முகவரி எழுதிய சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளேயும் போட்டுவிடுங்கள். மேலே ஒட்டியது மழையில் ஊறிப் பிய்ந்தாலும் பார்சல் அநாதையாகாது. ‘உடையும் பொருள்’ என்ற ஸ்டிக்கரை ஒட்டலாம், தவறில்லை. அதை நம்பி உள்ளே திணிப்பைக் குறைக்காதீர்கள். அடுக்கில் கீழே கிடக்கும் பெட்டியின் ஸ்டிக்கரை யாரும் படிக்க முடியாது.

எடைக் கணக்கு

கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி, வழக்கமாக 5,000-ஆல் வகுத்து வரும் வால்யூமெட்ரிக் எடையையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகிறார்கள். மாட்டிய நிலையில் ஒரு பொம்மையை 45 × 30 × 30 பெட்டியில் வைத்தால் 40,500-ஐ 5,000-ஆல் வகுத்து 8.1 கிலோ. அதே பொம்மையைக் கழற்றி 30 × 25 × 20 பெட்டியில் அடக்கினால் 3 கிலோ. பொம்மை என்னவோ ஒன்றுதான். கழற்றி அனுப்புவது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பணத்துக்கும் நல்லது.

இந்திய அஞ்சல் துறையின் ஸ்பீட் போஸ்ட் 1986-இல் தொடங்கியது. 2025-இல் பதிவு அஞ்சலும் அதோடு இணைக்கப்பட்டுவிட்டதால் பழைய ‘ரிஜிஸ்டர்’ கவுண்டரைத் தேடவேண்டாம். ரசீதில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். என்ற இரண்டு எழுத்து, மொத்தம் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும். அதை உடனே படம் எடுத்துப் பெறுபவருக்கு அனுப்புங்கள். அவர் பார்சல் எந்த ஊர் வந்துவிட்டது என்று நாளும் பார்ப்பதே பரிசின் ஒரு பகுதி. சின்ன ஊர், கிராமம், மலைப்பகுதி என்றால் அஞ்சல்தான் சரி. தனியார் கூரியர் சில ஊர்களில் வீடுவரை வராமல், பக்கத்து டவுனில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கொட்டான்: கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்

உடையுமோ என்ற கவலையே வேண்டாம் என்பவர்களுக்குச் செட்டிநாட்டுக் கொட்டான். சாயமேற்றிய பனை ஓலையில் முடைந்த கூடை. செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணம், சீர் என்றால் கொட்டான் இல்லாமல் நடக்காது. இடையில் மங்கிப்போயிருந்த இந்த வேலையைக் காரைக்குடியில் இருக்கும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை மறுபடியும் எடுத்து நிறுத்தியது. முடைபவர்கள் பெரும்பாலும் பெண்கள். கொடுப்பதற்கென்றே பிறந்த பொருள் என்பதால் பரிசாக அனுப்ப இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

வழியில் நசுங்கினாலும் கொட்டானுக்கு ஒன்றும் ஆகாது. லேசாகத் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, கையால் வடிவத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே துணியைத் திணித்து நிழலில் காயவைத்தால் பழையபடி நிமிர்ந்துவிடும். இதையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது, சாயம் வெளுக்கும். மூன்று அளவு வாங்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒரு பெட்டி இடத்தில் மூன்று பரிசு. பிரித்துப் பிரித்து எடுக்கும்போது ‘இன்னும் ஒன்றா!’ என்று வரும் சந்தோஷமும் சேர்ந்துகொள்ளும்.

வாங்கும்போது வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சிவப்பு, கருநீலப் பட்டைகளின்மேல் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் மழைக்காலத்தில் அனுப்ப வேண்டாம். விளிம்பில் ஓலை நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முகர்ந்து பாருங்கள். காய்ந்த ஓலையின் மணம் வரவேண்டும், மண்ணடித்த வாடை வந்தால் எங்கோ பூசணம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: கொட்டானுக்குள் அதிரசமோ முறுக்கோ வைத்து அனுப்ப ஆசை வரும். எண்ணெய் ஓலையில் இறங்கினால் கறை போகவே போகாது, எறும்பும் வரும். பலகாரத்தைத் தனி டப்பாவில், தனிப் பொட்டலமாக அனுப்புங்கள்.

பத்தமடைப் பாய்

தாமிரபரணிக் கரையோரக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயமேற்றி நெய்வது. நயமான பாய் 100 முதல் 140 கவுண்ட் (நெசவின் நெருக்கத்தைக் காட்டும் எண்) வரை வரும். தடவிப் பார்த்தால் துணி மாதிரி இருக்கும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். ஊரிலிருக்கும் நெசவாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெயரோடு ஒரு பாய் தபாலில் போய் இறங்கும். கல்யாணத்துக்கு வரமுடியாதவர்கள் அனுப்ப இதைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை. பெயர்களை அச்செழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நெய்தபிறகு எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை.

மடிக்கவே கூடாது. கோரைத் தண்டு பாயின் அகலவாக்கில் ஓடுகிறது, நீளவாக்கில் ஓடுவது நூல். அகலப் பக்கத்து ஓரத்திலிருந்து சுருட்டினால் தண்டுகள் நேராகவே கிடக்கும், வளைவது நூல் மட்டும்தான். மாற்றிச் சுருட்டினால் தண்டுகள் மடிந்து, வரிவரியாக முறியும். 3 அடிக்கு 6 அடிப் பாயைச் சரியாகச் சுருட்டினால் சுருள் நீளம் 91 செ.மீ. அதை மூன்று அங்குல பி.வி.சி. குழாயில் நுழைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டால் மேலே என்ன ஏற்றினாலும் கவலையில்லை. துணிக்கடையில் தூக்கிப்போடும் அட்டைக் குழலை நடுவில் வைத்து அதன்மேல் சுருட்டினால் இன்னும் நல்லது. கவுண்டரில் நீள வரம்பைக் கேட்டுவிட்டுக் குழாயை வெட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. தஞ்சாவூர் கலைத்தட்டு தட்டையானது, உடையாது, அனுப்ப மிகச் சுலபம். அதில் இருக்கும் வெள்ளி வழியிலேயே கறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, அது பட்ட இடம் கறுக்கும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் படாமல், பட்டர் பேப்பரில் சுற்றி ஜிப் உறையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்ணாடி போட்டு அனுப்பாதீர்கள். கண்ணாடி உடைந்தால் அதோடு போகாது, சில்லுகள் தங்க ரேக்கையும் சுண்ணாம்புப் புடைப்பையும் சுரண்டிவிடும். கண்ணாடி இல்லாமல் வாங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் சட்டம் போடச் சொல்லுங்கள். சட்டத்தோடுதான் வேண்டுமென்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். ஏற்கெனவே கண்ணாடி போட்டதாக இருந்தால் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் உடைந்தாலும் சில்லு விழாது.

தோடர் பூவேலைச் சால்வை: வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நீலகிரி வேலை. தபால்காரர் எப்படிப் போட்டாலும் ஒன்றும் ஆகாது. வயதானவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டுச் சோற்றில் செதுக்கும் தஞ்சாவூர் நெட்டி வேலை கண்ணுக்கு அவ்வளவு அழகு. பெரிய கோயில் மாதிரியை நெட்டியில் பார்த்தால் வாங்காமல் வர மனம் வராது. ஆனால் தபாலில் வேண்டாம். கையில் எடுத்தால் காற்று மாதிரி லேசு, கண்ணாடிப் பெட்டியோ பெரிது. வால்யூமெட்ரிக் எடையில் காசு போகும், உள்ளே ஒரு கோபுரம் பெயர்ந்தால் மறுபடி ஒட்டுவது சிரமம். நேரில் போகிறவர் மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டிய பொருள் அது.

நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலும் பூம்புகார் கொலுக் கண்காட்சியிலும் பொம்மை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் நிறைய. மண் பொம்மையா, காகிதக்கூழ் பொம்மையா என்று கேட்டு, தபாலுக்குக் காகிதக்கூழையே எடுங்கள். தட்டிப் பார்த்தால் மண் கணீரென்றும் காகிதக்கூழ் மொத்தென்றும் ஒலிக்கும். செட் பொம்மையில் சின்னச் சின்ன உருவங்களை ஒரே உறையில் கொட்டாமல், அட்டை முட்டைத் தட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்து மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்துக் கட்டினால் ஒன்றோடொன்று மோதாது. மகாளய அமாவாசைக்குப் பத்து நாளாவது முன்னால் அனுப்பினால்தான் கொலுப்படியில் ஏறும். அதற்குப் பிறகு தீபாவளி பார்சல்களும் சேர்ந்துகொள்ளும், தாமதத்தைத் தவிர்க்க முடியாது.

எங்கே வாங்குவது

பூம்புகார் தமிழ்நாடு அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் கடை. கழகம் தொடங்கியது 1973-இல். எல்லா வகையும் ஒரே கூரைக்குள் இருப்பதும், இன்ன ஊர் வேலை என்று கேட்டு வாங்க முடிவதும் இதன் பலம். இணையத்திலும் வாங்கலாம். ஆனால் தலையாட்டி பொம்மையை முகம் பார்த்து எடுக்கவேண்டும் என்று சொன்னேனே, அதற்காகவே நேரில் போங்கள். அதே சாலையில் இருக்கும் விக்டோரியா டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் கடை தையல் வேலைகளுக்கு நல்லது. குழந்தைக்குப் பரிசு அனுப்புகிறவர்கள் அங்கே முதலில் எட்டிப்பார்க்கலாம். நேரம் இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில் கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதையே பார்த்து வாங்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. செய்தவரிடமே வாங்கினால் ஒரு சிறு அட்டையில் அவர் கையால் ஊர்ப்பெயரை எழுதித் தரக் கேளுங்கள். பெட்டிக்குள் அந்த அட்டை இருந்தால், நூறு மைல் தள்ளி அதைப் படிப்பவருக்குப் பொருளைச் செய்த கை தெரியும்.

வெளிநாட்டுக்கு

சுங்கப் படிவத்தில் வெறுமனே ‘பரிசு’ என்று எழுதினால் போதாது. ‘காகிதக்கூழ் பொம்மை, கைவேலை, 1, பரிசு’ என்று பொருள், மூலப்பொருள், எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் வேண்டும். ரசீதை உள்ளே வையுங்கள். அமெரிக்காவுக்கு என்றால் சிறு மதிப்புப் பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. வரி யார் கட்டுவது, எவ்வளவு என்பதைக் கவுண்டரில் கேட்டுக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு ஓலை, கோரை, மரம் எதை அனுப்பினாலும் தாவரப் பரிசோதனை உண்டு. விதை, பட்டை, பூச்சி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. பொம்மையை வைக்கோலில் பொதிந்து அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம், எல்லை தாண்டும் பார்சலில் அதை மறந்துவிடுங்கள்.

சுவாமிமலைச் சிலை உடையாது என்றாலும் அதைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசி மெல்லியது, வளையும். கழற்ற முடிந்தால் தனியாகச் சுற்றுங்கள். புதிதாக வார்த்த சிலையானாலும் பார்வைக்குப் பழையது மாதிரி இருப்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைச் சுங்கத்தில் கேட்பார்கள். சென்னையில் அதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகம் கோட்டையில் இருக்கிறது. கடைக்காரரிடம் சிலையின் படத்தோடு கூடிய பில் வாங்கிவைத்துக்கொண்டு முதலில் அந்த வேலையை முடித்துவிட்டு, அதன்பிறகு பெட்டி கட்டுங்கள்.

பெறுபவருக்கு ஒரு சீட்டு

பெட்டியோடு போகும் சீட்டில் இவை இருக்கட்டும். கத்தியை ஆழமாக இறக்காமல் டேப்பை மட்டும் கீறுங்கள். பிரிப்பதற்கு முன்னால் பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நசுங்கி வந்திருந்தால் புகார் சொல்ல அதுதான் ஆதாரம். முகத்தில் கோடு கொஞ்சம் ஏறி இறங்கியிருப்பது குறையல்ல, கையால் எழுதியதன் அடையாளம். பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். சன்னல் வெயிலில் வைக்க வேண்டாம்.

எவ்வளவு பார்த்துக் கட்டினாலும் சில சமயம் பொம்மையின் கை உடைந்து போகும். உடைந்த துண்டைத் தூக்கிப்போட வேண்டாம் என்று அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். காகிதக்கூழுக்கு ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசைதான் சரி. இரண்டு முகப்பிலும் மெல்லிசாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, சேர்த்துப் பிடித்து, நூலால் சுற்றி ஒரு நாள் அசையாமல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். உடனே ஒட்டும் பசை வேண்டாம். அது சுற்றிலும் வெள்ளையாகப் படர்ந்து வண்ணத்தை மங்கவைக்கும், கோணலாக ஒட்டிவிட்டால் பிரிக்கவும் முடியாது. இடைவெளி தெரிந்தால் திசு காகிதத்தை அதே பசையில் ஊறவைத்து நிரப்பி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் தொட்டுவிடலாம். கழுத்துத் துளைக்குள் மட்டும் பசை இறங்கக் கூடாது. இறங்கினால் ஆட்டம் நின்றுவிடும்.